த்ரெட் கூட்டினால் வேகம் குறைகிறது: எம்மேப் லாக் நெரிசலா?

கேள்வி:
வணக்கம். 64 கோர் சர்வர், லினக்ஸ் 6.1. படங்களைச் செயலாக்கும் சி++ நிரல் ஒன்று 16 த்ரெட் (ஒரே பிராசஸுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) வரை நன்றாகப் போகிறது. அதற்கு மேல் கூட்டினால் வேகம் ஏறுவதில்லை, 48-ல் இறங்கியே விடுகிறது. பெர்ஃப் (லினக்ஸின் வேக அளவீட்டுக் கருவி) எடுத்துப் பார்த்தால், த்ரெட்டுகள் பேஜ் ஃபால்ட் (இன்னும் இணைக்கப்படாத நினைவகப் பக்கத்தைத் தொட்டதும் கெர்னலுக்குள் போவது) வழியாக வந்து ரீட்-ரைட் செமஃபோரில் (ரீடர்கள் பலர் அல்லது ரைட்டர் ஒருவர் மட்டும் எடுக்கக்கூடிய லாக்) காத்துக் கிடக்கின்றன. நான் என் நிரலில் மியூடெக்ஸ் (லாக்) எதுவும் போடவில்லை. இதையே நாலு தனி பிராசஸாக ஓட்டினால் வேகமாக இருக்கிறது. எங்கே பார்ப்பது?

பதில்:
பிராசஸாகப் பிரித்ததும் சரியாகிறது என்றீர்களே, அதுதான் துப்பு. நீங்கள் பார்த்த செமஃபோர்தான் கெர்னலின் எம்மேப் லாக். ஒரு பிராசஸின் முகவரி வெளி (அதன் நினைவக முகவரிகள் மொத்தம்) முழுவதற்கும் அது ஒன்றுதான். எல்லா த்ரெட்டுக்கும் அதே லாக். பேஜ் ஃபால்ட் அதை ரீட் முறையில் எடுக்கும். நினைவகப் பகுதியைச் சேர்க்கும் எம்மேப், நீக்கும் எம்அன்மேப், அனுமதியை மாற்றும் எம்ப்ரொடெக்ட் என்ற சிஸ்டம் கால்கள் மூன்றும் ரைட் முறையில் எடுக்கும். ரீடர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒன்றாக உள்ளே இருக்கலாம். ஆனால் ஒரு ரைட்டர் வந்து காத்து நின்றால், அப்புறம் வருகிற ரீடர்களும் பெரும்பாலும் அதன் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதனால் காத்திருப்பவர்களை விடுங்கள், ரைட் லாக்கை எடுப்பது யார் என்று பாருங்கள். பெர்ஃப் ட்ரேஸில் சிஸ்டம் கால் சுருக்கம் எடுத்தால் தெரிந்துவிடும்.

கேட்டவர்:
எம்மேப்பும் எம்அன்மேப்பும்தான் குவிந்து கிடக்கின்றன. கூப்பிடுவது நினைவகம் வாங்கும் மல்லாக்கும் திருப்பி விடும் ஃப்ரீயும். ஒவ்வொரு படத்துக்கும் 40 எம்பி பஃபர் வாங்கி, வேலை முடிந்ததும் விட்டுவிடுகிறேன்.

பதில்:
சரி, இடம் தெரிந்துவிட்டது. ஒரு வரம்புக்கு மேல் பெரிய பஃபர் கேட்டால், ஹீப்பில் (மல்லாக் பங்கிட்டுத் தரும் நினைவகம்) ஏற்கெனவே காலி இடம் இல்லாதபோது, ஜிலிப்சி (லினக்ஸின் சி நூலகம்) ஹீப்பை வளர்க்காமல் நேரே எம்மேப் செய்யும். ஃப்ரீ செய்ததும் எம்அன்மேப். அந்த வரம்பு 128 கேபியில் தொடங்கித் தானாக உயரும், ஆனால் 64 பிட்டில் 32 எம்பியைத் தாண்டித் தானாக உயராது. உங்கள் பஃபர் அதற்கும் பெரியது, அதனால் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு ரைட் லாக். போதாததற்கு, 40 எம்பி என்றால் 4 கேபி பக்கங்கள் 10,240. புதிதாக மேப் ஆனதால் ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் தொடும்போது ஒரு ஃபால்ட், ஒரு ரீட் லாக்.

த்ரெட்டுக்கு ஒரு பஃபரை ஆரம்பத்திலேயே வாங்கி, கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள். இரண்டு தொல்லையும் சேர்ந்தே போகும். 2 எம்பி ஹியூஜ் பேஜும் (4 கேபிக்குப் பதிலான பெரிய பக்கம்) கிடைத்தால் முதல் சுற்று ஃபால்ட்டுகளும் சுமார் இருபதாகச் சுருங்கும்.

இன்னொருவர்:
கெர்னலை 6.4-க்கு ஏற்றினாலும் பலன் உண்டு. அதிலிருந்து விஎம்ஏ (முகவரி வெளியில் மேப் ஆன ஒரு பகுதி) ஒவ்வொன்றுக்கும் தனி லாக் இருப்பதால் பல ஃபால்ட்டுகள் எம்மேப் லாக்கைத் தொடாமலே முடிந்துவிடும். ஆனால் எம்அன்மேப்புக்கு அந்த ரைட் லாக் அப்போதும் வேண்டும். புதிதாக மேப் செய்த பகுதியின் முதல் ஃபால்ட்டும் பழைய வழிக்கே திரும்பக்கூடும். அதனால் முதலில் பஃபரைச் சரிசெய்யுங்கள். கண்காணிப்பு நிரல் ஏதாவது இந்த பிராசஸின் எஸ்மேப்ஸ் கோப்பை (நினைவகப் பயன்பாட்டு விவரம் தரும் கெர்னல் கோப்பு) அடிக்கடி படிக்கிறதா என்றும் பாருங்கள், அந்த வாசிப்பும் இதே லாக்கை எடுக்கும்.

கேட்டவர்:
பஃபரை த்ரெட்டோடு வைத்ததும் செமஃபோர் காத்திருப்பு பெர்ஃபில் கண்ணுக்கே படவில்லை. 48 த்ரெட்டிலும் வேகம் ஏறுகிறது. எஸ்மேப்ஸையும் ஒன்று படித்துக்கொண்டுதான் இருந்தது, இடைவெளியைக் கூட்டிவிட்டேன். இருவருக்கும் மிக்க நன்றி.