புதுப்பிப்பு: அப்பாவின் ஸ்டீரியோவைக் கடைக்குப் போடவில்லை

ராயபுரம் வீட்டில் அப்பா 1988இல் வாங்கிய ஸ்டீரியோவில் கேசட் ஓடவில்லை, வலது ஸ்பீக்கர் கரகரக்கிறது, பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போடவில்லை.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில், கேசட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் புதிதாகக் கிடைத்தது. பழையது உருகித் தார்போல் ஒட்டியிருந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைக்கவே ஒரு மாலை போயிற்று. ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியிருந்த நுரை வளையம் தொட்டதும் உதிர்ந்தது. மாற்றியாகிவிட்டது. கடற்காற்றில் செம்பு முனைகள் பச்சை பூத்திருந்தன, அவற்றையும் சுரண்டினேன்.

வேகம்தான் படுத்தியது. நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். கூடினால் குரல் கீச்சென்றாகிவிடும். மோட்டாரின் சிறு திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். அளவுகோல் அம்மாவின் காதுதான்.

அப்பா மொட்டைமாடியில் பேசிப் பதிவுசெய்த கேசட்டைப் போட்டோம். நடுவில் துறைமுகத்துக் கப்பல் சங்கு ஊதுகிறது. அப்பா பேச்சை நிறுத்தி, அது அடங்கும்வரை காத்திருக்கிறார். "இப்போது சரியாக இருக்கிறது, இனி அதைத் தொடாதே" என்றார் அம்மா.

வால்யூம் குமிழ் மட்டும் இன்னும் கொஞ்சம் கரகரக்கிறது. வரும் ஞாயிறு அதைக் கழற்றப்போகிறேன்.