கடலை மிட்டாய் மொத்த விற்பனை: கடைக்கு ஒரு ஷீட் என்று இருக்கும் கணக்கிலிருந்து விற்பனை நிலவரத்தை எடுப்பது எப்படி?

கேள்வி
பதிவர்: மிட்டாய்க்கடை மருமகள், கோவில்பட்டி

வணக்கம். நாங்கள் கடலை மிட்டாய் போட்டு மொத்தமாக விற்கிறோம். சதுரம், உருண்டை, எள் மிட்டாய் மூன்றும் உண்டு. பாக்கெட்டாகவும் போகும், பெட்டிக்கடைகளுக்கு டப்பாவாகவும் போகும். வண்டிக்கு மூன்று லைன்: கயத்தாறு வழியாகத் திருநெல்வேலி, எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம், சாத்தூர் வழியாக விருதுநகர்.

மாமனாரின் பேரேட்டில் கடைக்கு ஒரு பக்கம். அதே முறையில் லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் கடைக்கு ஒரு ஷீட் வைத்து எழுதி வருகிறேன். எந்தக் கடையின் பாக்கியைக் கேட்டாலும் உடனே சொல்லிவிடுவேன். எனக்கு வேண்டியது அதற்கு மேலே. எந்த லைன் டீசல் செலவுக்குக் கட்டுபடியாகிறது? மழைக்காலத்தில் நமுத்துத் திரும்பி வரும் சரக்கு எந்தப் பக்கம் அதிகம்? சொல்லாமல் கொள்ளாமல் வாங்குவதை நிறுத்திய கடை எது?

கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. மாமனார் சைக்கிளில் சரக்குப் போட்ட காலத்திலிருந்து வாங்கிய ஒரு கடைக்காரர் வேறு இடத்துக்கு மாறியது, வண்டிக்காரர் பேச்சுவாக்கில் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் மாமனார் நேரில் போய் ஒரு வார்த்தை பேசியிருப்பார்.

கடைக்காரர்களின் போன் எண்களும் மாமனார் போனில் பாதி, வண்டிக்காரர் போனில் பாதி என்று கிடக்கின்றன. புதிதாக எதுவும் வாங்காமல், இருக்கும் மென்பொருளிலேயே இதையெல்லாம் செய்ய முடியுமா?

பதில் 1
பதிவர்: அச்சகத்தார், சிவகாசி

ஜிஎஸ்டி பில்லுக்கும் வரவு செலவுக்கும் டேலி மென்பொருள் நல்லது. நீங்கள் கேட்கும் மூன்று கேள்விகளுக்கும் கால்க்கோ எக்ஸெல்லோ போதும். எந்த ஷீட்டிலும் தேதியை ஒரே மாதிரி எழுதுங்கள். எங்கள் அச்சகத்தில் பாதிக் குழப்பம் தேதியில்தான் வரும். 05/06 என்று அடித்தால் ஜூன் 5-ஆ, மே 6-ஆ என்பதை உங்கள் கணினியின் மொழி அமைப்புதான் முடிவு செய்கிறது. அதை இந்தியா என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்க்கில் கன்ட்ரோல் எஃப்8 அழுத்தினால் எண்களும் தேதிகளும் நீலமாகவும், வெறும் எழுத்தாகப் பதிந்தவை கறுப்பாகவும் தெரியும். தேதி நெடுவரிசையில் கறுப்பாக நிற்பதையெல்லாம் திருத்திவிடுங்கள்.

பதில் 2
பதிவர்: ஓய்வுபெற்ற கணக்கர், மதுரை

அம்மா, பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டை முதலில் எழுதமாட்டார்கள். அன்றன்றைக்கு நடந்ததைக் குறிப்பேட்டில் வரிசையாக எழுதிவிட்டு, அதிலிருந்துதான் பேரேட்டில் கடைவாரியாகப் பெயர்ப்பார்கள். கணினியில் குறிப்பேட்டை மட்டும் நீங்கள் எழுதினால் போதும். பேரேட்டுப் பக்கத்தை அது தானே போட்டுத் தரும். கடைவாரியாகப் பிரித்த ஷீட்டுகளிலிருந்து லைன்வாரிக் கணக்கை எடுப்பது பெரும்பாடு. எல்லா விற்பனையும் ஒரே ஷீட்டில் இருந்தால் எந்த வாரியாகவும் எடுக்கலாம்.

‘கடைகள்’ என்று ஒரு ஷீட். கடைக்கு ஒரே ஒரு வரிசை: குறியீடு, பெயர், ஊர், லைன், உரிமையாளர் பெயர், போன், விடுமுறை நாள். குறியீடு மிக முக்கியம். சாத்தூர் லைனின் ஏழாவது கடைக்கு சா07 என்று வையுங்கள். பெயரை நம்பக்கூடாது. ‘முருகன் ஸ்டோர்’, ‘முருகன் ஸ்டோர்ஸ்’, ‘முருகன் கடை’ மூன்றும் நமக்கு ஒரே கடை, கணினிக்கு மூன்று கடை. தமிழில் அடிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘ஔவை ஸ்டோர்’ என்பதை ஒருவர் ஔ என்ற ஒரே எழுத்தாக அடிப்பார். இன்னொருவர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடிப்பார். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் தேடினால் கிடைக்காது. குறியீட்டைக்கூடக் கையால் அடிக்காமல், டேட்டா மெனுவில் உள்ள வேலிடிட்டி மூலம் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அடுத்தது ‘விற்பனை’ ஷீட். தேதி, பில் எண், கடைக் குறியீடு, லைன், சரக்கு, அளவு, விலை, தொகை. ஒரு பில்லில் மூன்று சரக்கு இருந்தால் மூன்று வரிசை. லைனை மட்டும் விலுக்கப் (VLOOKUP) சூத்திரம் மூலம் ‘கடைகள்’ ஷீட்டிலிருந்து வரவழைக்கலாம். விலையை அப்படி விலைப்பட்டியலிலிருந்து இழுக்காதீர்கள். நிலக்கடலையும் வெல்லமும் ஏறும்போது நீங்கள் பட்டியலில் விலையை மாற்றுவீர்கள். மாற்றிய நொடியில் போன வருட விற்பனையும் புது விலைக்கு ஏறி நிற்கும். அன்று எந்த விலைக்குப் போட்டீர்களோ அதை அந்த வரிசையிலேயே எண்ணாக எழுதுங்கள்.

நமுத்துத் திரும்பியதையும் இதே ஷீட்டில், அளவைக் கழித்தல் குறியோடு, பக்கத்தில் ‘வகை’ என்ற நெடுவரிசையில் ‘திரும்பியது’ என்று குறித்து எழுதுங்கள். வசூலும் டீசலும் தனித்தனி ஷீட்டுகள்.

இதற்கு மேல் பிவட் டேபிள் (வரிசைகளைத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் அட்டவணை) போடுங்கள். இடப்பக்கம் லைன், மேலே தேதி, நடுவில் தொகை. வந்த அட்டவணையில் ஏதாவது ஒரு தேதியில் நின்று எஃப்12 அழுத்தி, மாதவாரியாகத் தொகுக்கச் சொல்லுங்கள். எந்த லைன் எந்த மாதத்தில் படுக்கிறது என்பது தெரிந்துவிடும். வகையில் ‘திரும்பியது’ மட்டும் வடிகட்டினால் உங்கள் மழைக்காலக் கேள்விக்கும் பதில் வரும். புதிதாக விற்பனை எழுதியபின் அட்டவணையில் வலது சொடுக்கு செய்து ரெஃப்ரெஷ் கொடுக்க வேண்டும், தானாக மாறாது.

நின்றுபோன கடையைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. ‘கடைகள்’ ஷீட்டில் ‘கடைசியாக வாங்கிய தேதி’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, மேக்ஸ்இஃப்ஸ் (MAXIFS) சூத்திரத்தால் அந்தக் குறியீட்டின் கடைசித் தேதியை எடுங்கள். திரும்பிய சரக்கைக் கணக்கில் சேர்க்காதபடி வகையையும் நிபந்தனையாகக் கொடுங்கள். 46 ஆயிரத்துச் சொச்சம் என்று ஏதோ எண் வந்தால் பதற வேண்டாம், கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். அதற்கு அடுத்த நெடுவரிசையில், அந்தக் கடை வழக்கமாக எத்தனை நாளுக்கு ஒருமுறை வாங்கும் என்பதை மாமனாரிடம் கேட்டு எழுதுங்கள். எந்தச் சூத்திரத்தையும்விட அவருக்கு அது நன்றாகத் தெரியும். இன்றைய தேதியிலிருந்து கடைசித் தேதியைக் கழித்து, வந்த நாட்கள் அந்த வழக்கத்தைப்போல இரண்டு மடங்கைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகும்படி வையுங்கள். வாரந்தோறும் வாங்கும் கடை மூன்று வாரம் வாங்காவிட்டால் பிரச்சினை. மாதம் ஒருமுறை வாங்கும் கடைக்கு அது சாதாரணம். எல்லாக் கடைக்கும் ஒரே கெடு வைத்தால் மாமனார் வீணாக அலைவார்.

பதில் 3
பதிவர்: மசாலா வியாபாரி, விருதுநகர்

போன் எண்களைப் பற்றி நான் சொல்கிறேன். அந்த நெடுவரிசையை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றிவிட்டு எண்ணை அடியுங்கள். இல்லையென்றால் முன்னால் உள்ள பூஜ்யம் உதிர்ந்துவிடும். ‘கடைகள்’ ஷீட்டின் நகலில் நெடுவரிசைத் தலைப்புகளைக் கூகுள் கான்டாக்ட்ஸ் மாதிரிக்கு மாற்றி, சிஎஸ்வி ஃபைலாகச் சேமித்து, அதில் ஏற்றிவிட்டால் அந்தக் கணக்கு உள்ள எல்லாப் போனிலும் எண்கள் வந்துவிடும். சேமிக்கும்போது எழுத்துக் குறியீட்டு முறையை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

தீபாவளி ஆர்டருக்கு வாட்ஸ்ஆப்பில் பிராட்காஸ்ட் அனுப்ப நினைத்தால், நம் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருக்கும் கடைக்காரருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே வண்டி போகும்போதே நம் எண்ணைப் பதியச் சொல்ல வேண்டும். ஃபைலுக்குக் கடவுச்சொல் போடுங்கள். வாடிக்கையாளர் பட்டியல் வேறு ஆள் கைக்குப் போனால் லைனே போய்விடும்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. கணக்கர் ஐயா, இரண்டு சந்தேகம். மாமனார் ‘முருகன் கடைப் பக்கத்தைக் காட்டு’ என்றுதான் கேட்பார். இனி அவருக்கு எதைக் காட்டுவது? பழைய ஷீட்டுகளில் உள்ளதை எல்லாம் மறுபடி எழுத வேண்டுமா?

பதில் 4
பதிவர்: ஓய்வுபெற்ற கணக்கர், மதுரை

விற்பனை ஷீட்டின் தலைப்பு வரிசையில் ஆட்டோஃபில்டர் போட்டு, கடைக் குறியீட்டில் அந்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதுதான் அந்தக் கடையின் பக்கம். பிவட் டேபிளில் ஒரு தொகையின்மேல் இருமுறை சொடுக்கினாலும், அந்தத் தொகைக்குள் அடங்கிய பில்கள் தனி ஷீட்டில் விரியும். அச்செடுத்து அவர் கையில் கொடுங்கள். பெரியவர்களுக்குக் காகிதத்தில் பார்த்தால்தான் திருப்தி.

பழையதை எல்லாம் பெயர்த்து எழுத வேண்டாம். ஏப்ரல் 1 தேதியிட்டு, கடைக்கு ஒரு வரிசையாகப் பழைய பாக்கியை எழுதுங்கள். வகையில் ‘பழைய பாக்கி’ என்று குறித்து, விற்பனையைக் கணக்கிடும்போது அந்த வகையை விலக்கிவிட்டால் விற்பனைத் தொகையோடு கலக்காது. அன்றிலிருந்து நடந்த பில்களை மட்டும் ஏற்றினால் போதும். பழைய ஃபைலை அழிக்காமல் தனியாக வையுங்கள். பாக்கி விஷயத்தில் யாராவது தகராறு செய்தால் தேவைப்படும்.