டீமக்ஸ்: ஒரு திட்டத்தின் பெயரைக் கொடுத்தால் வேறு திட்டத்தின் அமர்வு திறக்கிறது

கேள்வி

வணக்கம். ஒரே மடிக்கணினியில் ஐந்து திட்டங்களைக் கவனித்து வருகிறேன். ஒரே டெர்மினலுக்குள் பல சாளரங்களைத் திறந்து வைக்க உதவும் நிரலான டீமக்ஸில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அமர்வு (சாளரங்களின் தொகுப்பு) வைத்து, எடிட்டருக்கு ஒன்று, சர்வருக்கு ஒன்று, லாக் பார்க்க ஒன்று என மூன்று சாளரங்கள் திறப்பது என் வழக்கம். இதற்கென நானே எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு), திட்டத்தின் பெயரை வாங்கிக்கொண்டு, 'ஹேஸ்-செஷன்' கட்டளையால் அந்த அமர்வு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதற்குள் அழைத்துச் செல்லும், இல்லையென்றால் புதிதாகத் தொடங்கும். ஆனால் கணினியை ரீஸ்டார்ட் செய்த நாள்களில் மட்டும், 'கடை' என்று கேட்டால் 'கடை-நிர்வாகம்' அமர்வுக்குள் போய் நிற்கிறேன். சென்ற வாரம் அதைக் கவனிக்காமல் டேட்டாபேஸ் மாற்றங்களைத் தவறான திட்டத்தில் ஓட்டிவிட்டு, பேக்கப்பிலிருந்து மீட்பதற்குள் அரைநாள் போயிற்று. ஸ்கிரிப்டைக் கைவிட்டு, டீமக்ஸ் அமர்வுகளை அமைத்துத் தரும் கருவியான டீமக்சினேட்டருக்கு மாறிவிடலாமா?

பதில் 1

மாறலாம். ரூபியில் எழுதப்பட்ட டீமக்சினேட்டர், திட்டத்துக்கு ஒரு யாமல் கோப்பு (அமைப்புகளை எழுதிவைக்கும் எளிய உரைக்கோப்பு) வைத்து, மூல அடைவு, சாளரங்கள், ஒவ்வொன்றிலும் ஓட வேண்டிய கட்டளை ஆகியவற்றை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பைத்தானில் உள்ள, இதே வேலையைச் செய்யும் டீமக்ஸ்பி-யையும் பாருங்கள். கையால் அடுக்கிவைத்த அமர்வை அதன் 'ஃப்ரீஸ்' கட்டளை அப்படியே கோப்பாக எழுதித் தந்துவிடுவதால், முதல் கோப்பை வெறும் தாளிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

பதில் 2

மாறுவதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் பிழை உங்கள் ஸ்கிரிப்டில் ஒரே ஓர் எழுத்துக்குறி இல்லாததுதான். இலக்காகக் கொடுக்கும் பெயரை டீமக்ஸ் முதலில் முழுமையாகப் பொருத்திப் பார்க்கிறது. அப்படியே ஓர் அமர்வு கிடைக்காவிட்டால், அந்த எழுத்துகளில் தொடங்கும் அமர்வு ஏதேனும் உண்டா என்று தேடி, ஒன்றே ஒன்று இருந்தால் அதையே நீங்கள் கேட்டதாக எடுத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட் செய்த காலையில் 'கடை-நிர்வாகம்' மட்டும் திறந்திருக்கும்போது 'கடை' இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்றே விடை வரும். 'கடை' ஏற்கெனவே திறந்திருக்கும் நாள்களில் முழுப் பொருத்தம் முந்திக்கொள்வதால் பிழை ஒளிந்துகொள்கிறது. பெயருக்கு முன்னால் சமக்குறி (=) இட்டால் முழுப் பொருத்தத்தை மட்டுமே ஏற்கும். ஹேஸ்-செஷனில் மட்டுமன்றி, அடுத்து வரும், அமர்வுக்குள் அழைத்துச் செல்லும் 'ஸ்விட்ச்-கிளையன்ட்', 'அட்டாச்' வரிகளிலும் அதை இடுங்கள். உங்கள் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) இசட்-ஷெல் என்றால் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் சமக்குறியில் தொடங்கும் சொல்லை அது ஒரு கட்டளையின் பெயராக எண்ணித் தேடப் போய்விடும்.

பதில் 3

அமர்வைச் சரியாகத் திறந்தாலும், தவறான டேட்டாபேஸைத் தொட இன்னொரு வழி இருக்கிறது, நான் அனுபவித்தது. முதல் டீமக்ஸ் கட்டளையைத் தரும்போதுதான், எல்லா அமர்வுகளையும் பின்னணியில் நடத்தும் அதன் சர்வர் பிறக்கிறது, அந்த நொடியில் ஷெல்லில் இருக்கும் சூழல் மாறிகளைத் (நிரல்கள் படித்துக்கொள்ளும் பெயர்-மதிப்பு அமைப்புகளை) தன் பொதுச் சூழலாக வைத்துக்கொள்கிறது. ஒரு திட்டத்தின் டேட்டாபேஸ் முகவரியை அப்படி ஒரு மாறியாக எக்ஸ்போர்ட் செய்த ஷெல்லிலிருந்து தொடங்கியிருந்தால், பிறகு திறக்கும் எல்லா அமர்வுகளும் அந்த முகவரியைச் சுமந்தே வரும். ஆகவே சர்வரை எப்போதும் ஹோம் அடைவில் சுத்தமான ஷெல்லிலிருந்து தொடங்குங்கள்; திட்டத்துக்கு உரிய மாறிகளை, அடைவுக்குள் நுழையும்போது மட்டும் அவற்றை ஏற்றும் டைரென்வ் கருவி வழியாக அடைவோடு கட்டிவையுங்கள். டீமக்ஸ் பதிப்பு 3.2 முதல், அமர்வைத் தொடங்கும் கட்டளையிலேயே மாறியைக் கொடுக்கவும் வழி உண்டு.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. சமக்குறி இட்டதும் 'கடை' புதிதாகவே திறக்கிறது. ரீஸ்டார்ட் செய்தும் பார்த்துவிட்டேன். ஆனால் பெயரில் புள்ளி உள்ள ஒரு திட்டம் மட்டும், இல்லை என்று சொல்லிவிட்டு, தொடங்கப் போனால் ஏற்கெனவே இருக்கிறது என்கிறது.

பதில் 2 எழுதியவர்

சாளரத்தையும் அதன் உட்பிரிவான பலகத்தையும் குறிக்கப் புள்ளியும் முக்காற்புள்ளியும் தேவைப்படுவதால், அமர்வுப் பெயரில் அவை வந்தால் டீமக்ஸ் அடிக்கோடாக மாற்றிவிடுகிறது. நீங்கள் தேடுவது புள்ளியுள்ள பெயரை, அங்கே இருப்பது அடிக்கோடுள்ள பெயர். ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே நீங்களும் அப்படி மாற்றிவிடுங்கள்.