ஸ்னோமொபைல் ரோந்துச் செலவுக் கோரிக்கை: குறிப்பேடும் சம்பளக் கணக்கும் ஒத்துவரவில்லை (விஸ்கான்சின்)

பனிப்பாதை_நிதி:
வணக்கம். விஸ்கான்சின் வடபகுதியில் ஒரு கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) நிதிப் பிரிவு. ஷெரிஃப் துறை (கவுண்டியின் காவல் துறை) நடத்தும் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) ரோந்துக்கு மாநில இயற்கை வளத்துறை (டி.என்.ஆர்.) திருப்பித் தரும் தொகைக்கான கோரிக்கையை ஜூன் 1-க்குள் அனுப்பியாக வேண்டும். நாலு இடத்தில் நிற்கிறது.

1. ரோந்துக் குறிப்பேட்டைக் கூட்டினால் 412 மணி நேரம். சம்பள லெட்ஜரில் அந்த வேலைக் குறியீட்டின் கீழ் 371 மணிதான் இருக்கிறது.
2. ஓவர்டைம் மணிகளுக்கும் வழக்கமான 38% படிச்செலவு (காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் சேர்த்து) போட்டு வைத்திருக்கிறார்கள். சரியா?
3. டிசம்பரில் 14,000 டாலருக்குப் புது வண்டி வாங்கினோம். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்ததற்கு 3,000 கழித்தார்கள். முழுத் தொகையையும் இந்த வருடக் கோரிக்கையில் போடலாமா?
4. போன சீசனில் கேட்டதைவிடக் குறைவாக வந்தது. எதையும் தள்ளுபடி செய்ததாக யாரும் சொல்லவில்லை. எங்கே தப்பு?

ரோந்துக்கோப்பு:
முதல் கேள்வியிலேயே பாதி சிக்கல் தீர்ந்துடும், அதனால அதை நிதானமா சொல்றேன்.

கவுண்டியின் நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஆனா பனிக்காலம் ரெண்டு வருடத்துல கால் வைக்குது. சம்பள லெட்ஜரை நீங்க எந்தத் தேதியை வெச்சு இழுத்தீங்கன்னு பாருங்க. செக் போட்ட தேதியை வெச்சு இழுத்திருந்தா, டிசம்பர் கடைசி வாரம் உழைச்சது ஜனவரி சம்பளத்துலதான் விழும். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவுலதான் பாதைகள்ல கூட்டம் அதிகம், ரோந்தும் அப்பதான் அதிகம். ஒரு வருடத்து லெட்ஜரை மட்டும் பார்த்தா அந்த மணிகள் அப்படியே காணாமப் போயிடும். அறிக்கையை வேலை செய்த தேதிப்படி, ரெண்டு வருட லெட்ஜரிலிருந்தும் எடுங்க. கோரிக்கைப் படிவத்துல அச்சடிச்சிருக்கிற காலவரம்பை அப்படியே வடிகட்டியாப் போடுங்க.

அதுக்கப்புறமும் வித்தியாசம் மிஞ்சினா, அடுத்த சந்தேகம் காம்ப் டைம். ஓவர்டைமுக்குப் பணம் வாங்காம, மணிக்கு ஒன்றரை மணி விடுப்பா வரவு வெச்சுக்கற டெபுடிகள் (ஷெரிஃப் துறைக் காவலர்கள்) நிறைய. கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம் அரசுத் துறைகளுக்கு இதை அனுமதிக்குது. சட்டம் ஒழுங்கு வேலையில இருக்கிறவங்களுக்கு உச்சவரம்பு 480 மணி. அந்த இரவு ரோந்து குறிப்பேட்டுல இருக்கும், சம்பளத்துல இருக்காது. ஜூலையில விடுப்பு எடுக்கும்போதுதான் பணமா வெளியே வரும், அதுவும் வேற குறியீட்டுல. உழைச்ச நாள்ல கணக்குல ஏத்தறதா, எடுத்த நாள்ல ஏத்தறதான்னு டி.என்.ஆர். உதவித்தொகைப் பிரிவுல கேட்டு, எழுத்துல வாங்கிக்கோங்க. எதுவானாலும் ஒரே இடத்துலதான் ஏத்தணும். ரெண்டுலயும் ஏறினா ஒரே மணிக்கு ரெண்டு தடவை பணம் கேட்டதா ஆகும்.

மூணாவது, மாதச் சம்பளத்துல இருக்கிற சார்ஜென்ட் ரோந்துக்குப் போயிருந்தா, அவர் டைம்ஷீட்ல ஸ்னோமொபைல் குறியீடே இருக்காது. குறிப்பேட்டுல பெயரைப் பார்த்து ஆள் வாரியாப் பிரிச்சுப் பாருங்க, உடனே தெரியும்.

இதுக்கு நடுவுல ஒண்ணு: 371-ஐ 412 ஆக்கறதுக்காக இப்போ உட்கார்ந்து டைம்ஷீட்டைத் திருத்தாதீங்க. திருத்தம் வேணும்னா டெபுடியும் மேலதிகாரியும் இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்ட தனித் தாள் வேணும். சான்று கிடைக்காத மணிகளை விட்டுடறது நல்லது.

மேடிசன்_கணக்கர்:
2-க்கும் 3-க்கும் பதில்.

ஓவர்டைமுக்கு 38% போடுவது தவறு, மேடம்/சார். அந்த 38%-ல் பெரிய பங்கு உடல்நலக் காப்பீட்டு பிரீமியம். டெபுடி கூடுதலாக ஆறு மணி நேரம் ரோந்து போனதால் பிரீமியம் ஒரு சென்ட்கூட ஏறுவதில்லை. ஏறுவது சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் இரண்டிலும் முதலாளியின் பங்கு (சேர்ந்து 7.65%), விஸ்கான்சின் ஓய்வூதியத் திட்டத்துக்கான பங்கு, தொழிலாளர் விபத்துக் காப்பீடு. இவ்வளவுதான்.

உதாரணமாக அடிப்படைக் கூலி மணிக்கு 34 டாலர் என்றால் ஓவர்டைம் 51. அதன் மேல் 38% போட்டால் 19.38 டாலர். 7.65% மட்டும் 3.90 தான், ஓய்வூதியப் பங்கையும் விபத்துக் காப்பீட்டையும் சேர்த்தாலும் 19-ஐ நெருங்காது. தணிக்கையாளர் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான். ஒரு சீசன் முழுக்க ஓவர்டைம் ரோந்து என்றால் வித்தியாசம் ஆயிரக்கணக்கில் போகும். வழக்கமான ஷிஃப்டுக்கு ஒரு விகிதம், ஓவர்டைமுக்கு ஒரு விகிதம் என்று இரண்டு நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி: முழு விலையை ஒரே வருடத்தில் போட முடியாது. இந்த உதவி நிகரச் செலவுக்கானது. சாதனங்களுக்குக் கிடைப்பது நியாயமான தேய்மானம் (விலையைப் பயன்படுத்தும் வருடங்களுக்குப் பிரித்து, வருடாவருடம் கழிப்பது). பழைய வண்டியின் மதிப்பு ஏற்கெனவே முழுவதும் கழிந்துவிட்டது என்றால், உங்கள் அடிப்படைத் தொகை 14,000 அல்ல, 11,000. ஐந்து வருடம் என்று கணக்குப் போட்டால் வருடத்துக்கு 2,200. (ஐந்து என்பது காட்டுவதற்காகச் சொன்னது; எத்தனை வருடம், எந்த விகிதம் என்பதைப் படிவத்தோடு வரும் அறிவுறுத்தலில் பார்த்துப் போடுங்கள்.) உள்ளூர் ஸ்னோமொபைல் கிளப் நன்கொடை கொடுத்திருந்தால் அதையும் முதலில் கழித்துவிடுங்கள்.

வண்டி எண், வாங்கிய தேதி, அடிப்படைத் தொகை, இதுவரை கழிந்தது, மீதி என்று ஒரு தாள் இப்போதே தொடங்கிவிடுங்கள். நாலாவது வருடத்தில் வேறொருவர் அதே வண்டியை மறுபடி முதலிலிருந்து கழிக்கத் தொடங்குவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

இழுத்துச் செல்லும் பிக்கப்பும் டிரெய்லரும் கோடையில் படகு ரோந்துக்கும் போகுமே? அதன் தேய்மானத்தை ஸ்னோமொபைல் கோரிக்கையில் முழுதாகவும் படகுக் கோரிக்கையில் முழுதாகவும் காட்டக் கூடாது. மைல் கணக்கில் பிரியுங்கள். படகு ரோந்துக்கு உச்சவரம்பு 75%, ஸ்னோமொபைலுக்கு 100% வரை. அதனாலேயே செலவை இந்தப் பக்கம் தள்ளப் பார்க்கிறார்களோ என்று கவனிப்பார்கள்.

எரிபொருள்: கவுண்டி நெடுஞ்சாலைத் துறை டாங்கிலிருந்து நிரப்பினால் காலன், தேதி, வண்டி எண் மூன்றும் உள்ள பதிவு வேண்டும். டிரைவ் பெல்ட், ஸ்கீ அடியில் போடும் கார்பைடு, டூ ஸ்ட்ரோக் ஆயில் பில்களிலும் வண்டி எண்ணை அன்றைக்கே எழுதச் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:
4-வது கேள்வி. நீங்கள் எதுவும் தப்பாகப் போட்டிருக்க வேண்டியதில்லை. "100% வரை" என்பதில் "வரை" முக்கியம். எல்லாக் கவுண்டிகளின் கோரிக்கையும் சேர்ந்து ஒதுக்கிய தொகையைத் தாண்டினால், இருப்பதை விகிதப்படி பங்கிடுவார்கள். நீங்கள் 32,000 கேட்டு, அந்த வருடம் 70% தான் கொடுக்க முடியும் என்றால் 22,400 வரும். மீதி ஷெரிஃப் பட்ஜெட்டில் விழும். நல்ல பனி பெய்த வருடத்தில் எல்லோருமே அதிகம் ரோந்து போகிறார்கள், எல்லோருமே அதிகம் கேட்கிறார்கள். விகிதம் அப்போதுதான் இறங்கும். பட்ஜெட்டில் வரவை 100% என்று எழுதாதீர்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கவுண்டி வாரியத்துக்குச் சொல்லுங்கள். பதிவுக் கட்டணம், டிரெயில் பாஸ் (பாதையில் ஓட்ட வாங்கும் அனுமதிச் சீட்டு), பெட்ரோல் வரி மூன்றும்தான். பெட்ரோல் வரிப் பங்குக்கு ஒரு சூத்திரம் உண்டு: பதிவான ஒவ்வொரு வண்டிக்கும் 50 காலன், அதை வரியால் பெருக்கி, மறுபடி 1.4-ஆல் பெருக்குவது. வரி காலனுக்கு 30.9 சென்ட் என்றால் வண்டிக்கு 21.63 டாலர். வீட்டு வரி கட்டுபவரின் பணத்தில் சுற்றுகிறார்கள் என்ற பேச்சு கூட்டத்தில் எழுந்தால் இந்தக் கணக்கு உதவும். இந்த நிதிக்குப் பணம் கட்டுவது ஓட்டுபவர்கள்தான். அவர்களுக்குப் பாதுகாப்பான பாதை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு மெனக்கெடுகிறோம்.

பனிப்பாதை_நிதி:
மூவருக்கும் நன்றி. வேலைத் தேதிப்படி இழுத்ததும் 371, 398 ஆகிவிட்டது. மிச்சம் 14-ல் 8 மணி காம்ப் டைம். கடைசி 6 மணி ஒரே இரவு: குறிப்பேட்டில் மாலை 5 முதல் இரவு 11 வரை ரோந்து என்று இருக்கிறது. ஆனால் அன்று கவுண்டி பாதைகள் மூடியிருந்தன. இதை விட்டுவிடவா? இன்னொன்று, தேசிய வனப் பகுதியில் ரோந்து போன மணிகளும் உள்ளே கலந்திருக்கின்றன.

ரோந்துக்கோப்பு:
பாதை மூடியிருந்தாலும் ஏரிப் பனிக்கட்டி மேல ஆட்கள் ஓட்டிட்டுத்தான் இருப்பாங்க. மீன்பிடிக் குடிலுக்கு 100 அடிக்குள்ள மணிக்கு 10 மைலுக்கு மேல போகக் கூடாது, இரவு வேக வரம்பு 55 மைல், குடிபோதை. இதெல்லாம் பார்க்க வேண்டிய இடம் ஏரிதான். அதனால பாதை மூடியிருந்ததுன்னு மட்டும் வெச்சு விடாதீங்க. அந்த இரவின் அபராதச் சீட்டுகளை எடுங்க. ஒவ்வொண்ணுலயும் நேரமும் இடமும் இருக்கும். டிஸ்பாட்ச் (கட்டுப்பாட்டு அறை) பதிவுல டெபுடி ரேடியோவுல சொன்ன நேரம் இருக்கும். வண்டியின் ஓடோமீட்டர் அன்னிக்கு நகர்ந்திருக்கா பாருங்க. மூணுல ரெண்டு ஒத்துப்போனா மணிகளை வெச்சுக்கோங்க, அந்த நகல்களைக் குறிப்பேட்டுத் தாளோட பின் அடிச்சுடுங்க. ஓடோமீட்டர் நகரவே இல்லேன்னா அது பிக்கப்ல உட்கார்ந்த நேரம், எடுத்துடுங்க.

அபராதச் சீட்டு இரவு 11:20-ன்னும் குறிப்பேடு 11-க்கே முடிஞ்சதுன்னும் இருந்தாலும் கேள்வி வரும். அடுத்த சீசன்ல ஷிஃப்ட் முடிஞ்சதும் அங்கேயே எழுதச் சொல்லுங்க: தொடக்க, முடிவு நேரம், வண்டி எண், ஓடோமீட்டர் ரெண்டு அளவும், பாதை எண் அல்லது ஏரியின் பெயர், நிறுத்திப் பார்த்தவங்க எண்ணிக்கை, எச்சரிக்கை, அபராதம்.

மேடிசன்_கணக்கர்:
வனப் பகுதி மணிகளைப் பற்றி: செக்வாமகன்-நிக்கோலே தேசிய வனத்தில் கூட்டாட்சி வன சேவையோடு கவுண்டிக்கு ஒப்பந்தம் இருக்கிறதா என்று முதலில் ஷெரிஃப் அலுவலகத்தில் கேளுங்கள். 1971-இன் சட்டப்படி உள்ளூர் போலீசுக்கு அவர்கள் பணம் தருவதுண்டு. அந்த ஒப்பந்தத்தில் பில் போட்ட மணிகள் இங்கே வரவே கூடாது. ஒப்பந்தம் இல்லை என்றாலோ, அங்கே பில் போடவில்லை என்றாலோ வழக்கம்போல் சேர்க்கலாம். நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஓவர்டைம் மானியமும் இருந்தால் அதே டெபுடி, அதே தேதி என்று மூன்று பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிடுங்கள்.

ஏரிக்கரை:
அடுத்த சீசனுக்கான ரோந்து உத்தேச அறிவிப்புப் படிவத்தை யார் அனுப்புகிறார்கள் என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். நிதிப் பிரிவு ஷெரிஃப் துறை அனுப்பும் என்று நினைக்கும், அவர்கள் நீங்கள் அனுப்புவீர்கள் என்று நினைப்பார்கள். அது போகாமல் விட்டால் குறிப்பேடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அடுத்த கோரிக்கை ஏற்கப்படாது.