அசனப் பந்தியில் 1 கொரிந்தியர் 11: பொறுப்பெடுத்து நடத்துகிறவர்களின் பகிர்வு

கேள்வி: நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பிரதிஷ்டை பண்டிகை (ஆலயம் அர்ப்பணிக்கப்பட்ட நாளின் ஆண்டு விழா) என்றால் அசனம், அதாவது சபையார் சேர்ந்து போடும் பொது விருந்து, இல்லாமல் முடியாது. மதம் பார்க்காமல் ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறது. ஆனால் பண்டிகை முடிந்த மறுநாளே “எங்க தெருவுக்குக் கறியே வரலை” என்று முறுமுறுப்பு கிளம்பிவிடுகிறது. வேதப் பகுதிகளை வைத்து இதைச் சரிசெய்த சபைகள் என்ன செய்கின்றன?

சபை ஊழியர்:
முதலில் 1 கொரிந்தியர் 11:17-34-ஐ முழுசாக வாசியுங்கள். நற்கருணை ஆராதனையில் 23-ஆம் வசனத்திலிருந்துதான் எடுப்போம். கொரிந்து சபைக்கு இந்தக் கடிதத்தை எழுதிய பவுல் கோபப்பட்டது அதற்கு முந்தின வசனங்களில், சாப்பாட்டு விஷயத்துக்காக: “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்.” வெறி என்றால் குடிமயக்கம்.

அன்று கொரிந்துவில் சபை கூடியது வசதியுள்ளவர் வீட்டில். ரோமர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் மூன்று திண்டு மஞ்சங்கள், ஒன்றுக்கு மூன்று பேர், மொத்தம் ஒன்பது பேர்தான் சாய்ந்து சாப்பிடலாம். மற்றவர்களுக்கு முற்றம்தான். ஞாயிறு அப்போது விடுமுறை நாள் இல்லை. அடிமையும் கூலிக்காரனும் வேலை முடிந்து வருவதற்குள் சட்டி காலியாகியிருக்கும். விருந்தாளியின் தகுதிக்கேற்பத் திராட்சரசத்தை மூன்று தரமாகப் பிரித்து ஊற்றும் வீடுகளைப் பற்றி பிளினி என்ற ரோமரே முகம் சுளித்து எழுதியிருக்கிறார். ஊர் வழக்கம் அப்படியே சபைக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதற்குப் பவுல் சொன்ன வழி 33-ஆம் வசனத்தில் இருக்கிறது: “ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.” அசனத்தில் இதை நடைமுறைப்படுத்த, கடைசியாக வரப்போகிறவர்கள் யார் என்று முன்கூட்டியே கணக்கெடுக்க வேண்டும். உப்பளத்துக்குப் போனவர்கள், அடுப்படியில் நிற்கும் பெண்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், பந்தி விசாரிக்கிற வாலிபர்கள். நூறு பேர் என்றாலும் அந்த எண்ணிக்கை கையில் இருக்க வேண்டும்.

சமையல் பொறுப்பாளர்:
கறி தீர்ந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் அளவு இல்லை, பரிமாறும் முறை. நூறு பேருக்கு அரிசி 13-14 கிலோ, எலும்போடு ஆட்டுக்கறி 10-12 கிலோ, சாம்பார் என்றால் துவரம்பருப்பு 3 கிலோ. இது போதும். பிரச்சினை எங்கே என்றால், துண்டெல்லாம் அடியில் தங்கிவிடும். முதல் பந்தியில் தெரிந்த முகத்துக்கு வாளியைத் துழாவி நாலு துண்டு போடுவார்கள், மூன்றாம் பந்திக்கு வெறும் குழம்புதான் மிஞ்சும்.

எனவே துண்டையும் குழம்பையும் தனித்தனி வாளியில் எடுக்க வேண்டும். துண்டு வாளிக்கு ஒரே அளவுக் கரண்டி, இலைக்கு ஒரு கரண்டி. கடைசிப் பந்திக்கு உரிய பங்கை, முதல் இலை போடுமுன்பே தனிச் சட்டியில் எடுத்து மூடி, மெல்லிய தணலில் வைத்துவிட வேண்டும். “மிச்சம் பார்த்துக்கலாம்” என்றால் மிச்சம் இருக்காது.

உட்கார வைப்பதற்கு மாற்கு 6:40 போதும், நூறு நூறாக, ஐம்பது ஐம்பதாக. ஐம்பது பேர் ஒரு வரிசை. சோற்றுக்கு இரண்டு பேர், குழம்புக்கு இரண்டு, கூட்டுக்கு ஒருவர், தண்ணீருக்கு ஒருவர். அறுநூறு பேர் என்றால் நான்கு வரிசை ஒரே நேரத்தில் ஓட வேண்டும். பந்திக்கு 25 நிமிஷம் வைத்தால் மூன்று பந்தி ஒன்றேகால் மணி நேரத்தில் முடியும். ஒரே வரிசையாக விட்டால் ஐந்து மணி நேரம். அப்புறம் காத்திருங்கள் என்று யாரிடம் சொல்வது?

பொருளாளர்:
அப்போஸ்தலர் 6-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். எருசலேம் சபையில் கிரேக்கு பேசும் விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டார்கள் என்று அவர்கள் தரப்பார் முறுமுறுத்தார்கள். அதற்குத் தெரிந்தெடுத்த ஏழு பேர்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். முறுமுறுத்த தரப்பின் கையிலேயே கரண்டியைக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே எந்தத் தெரு புகார் சொல்கிறதோ அந்தத் தெருவிலிருந்து இரண்டு பேரைத் துண்டு வாளிக்கு நிறுத்துங்கள். கமிட்டி உறுப்பினர் வீட்டுப் பையன்களை மட்டும் நிறுத்தினால் அடுத்த வருஷமும் அதே பேச்சுதான்.

வேதபாட ஆசிரியர்:
சின்னத் திருத்தம். ஏழு பேரும் அந்தத் தரப்பார் என்பதற்குக் கிரேக்கப் பெயர் மட்டும் முழு ஆதாரமாகாது. இயேசுவின் பன்னிரு சீடர்களிலேயே அந்திரேயா, பிலிப்பு என்ற கிரேக்கப் பெயர்கள் உண்டு. ஆனாலும் ஏழும் அப்படியே அமைந்திருப்பதும், நிக்கொலா அந்தியோகியாவிலிருந்து யூத மார்க்கத்துக்கு வந்தவர் என்று அப்போஸ்தலர் நூலை எழுதிய லூக்கா தனியே குறிப்பதும் உங்கள் கருத்துக்குப் பலம்தான்.

இன்னொன்று, யாக்கோபு 2:2-4. ஐயருக்கும் (சபைப் போதகர்) சிறப்பு விருந்தினருக்கும் தனியாக மேசை, விரிப்பு, தனிச் சட்டியில் வறுவல். மற்றவர்களுக்குத் தரையில் சாக்கு. பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம் என்று யாக்கோபு எழுதியது இதைத்தான். முழங்கால் மடக்க முடியாதவர்களுக்கு நாற்காலி போடுங்கள், அது வேறு. சாப்பாடு ஒரே சட்டியிலிருந்து வரட்டும். அசன வரி (விருந்துச் செலவுக்கு வீட்டார் தரும் பணம்) யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று மைக்கில் வாசிப்பதையும் நிறுத்தலாம். கொடுக்க முடியாத வீட்டார் அன்று பந்திக்கே வருவதில்லை. 1 கொரிந்தியர் 11-இன் 22-ஆம் வசனத்தில் “இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா” என்று பவுல் கேட்டது அதுவே. மொத்த வரவு செலவை ஆலயப் பலகையில் ஒட்டினால் போதும்.

சபை ஊழியர்:
படுக்கையில் இருப்பவர்களுக்கும் தனியாக வாழும் விதவைகளுக்கும் போகும் பொட்டலத்தைப் பந்திக்கு முன்பே கட்டி அனுப்புங்கள். பந்தி முடிந்து கட்டினால் அடிச்சோறுதான் போகும். பட்டியலை சபைப் பதிவேட்டிலிருந்து எடுத்து, தெருவுக்கு இருவரை அனுப்பி, கொடுத்ததும் பேரை அடிக்க வேண்டும்.

சமையல் பொறுப்பாளர்:
மீதிச் சோறு விஷயத்தில் கவனம். நம் வெயிலில் வெந்த சோறு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெதுவெதுப்பாகக் கிடந்தால் வயிற்றைக் கெடுக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. “மீதியான துணிக்கைகளைச் சேர்த்து வையுங்கள்” என்ற யோவான் 6:12-ஐச் சொல்லி, மாலை வரை அண்டாவில் வைத்துப் பக்கத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். வேண்டாம். கடைசிப் பந்தி உட்காரும்போதே மிஞ்சப்போவது தெரிந்துவிடும், அப்போதே சூடாக அனுப்பிவிடுங்கள்.