ஐவர்மெக்டின் ஊசியால் பன்றியின் வைரஸ் காய்ச்சல் தீருமா?

திருமங்கலம் பண்ணையாளர்:
பன்றிகளின் வைரஸ் நோய்க்கு மருந்தே கிடையாது என்று நேற்று இங்கே ஒருவர் தீர்ப்பு எழுதியதைப் படித்ததும் பொறுக்க முடியவில்லை. குடற்புழுவுக்கும் சொறிக்கும் நாம் காலங்காலமாகப் போட்டுவரும் ஐவர்மெக்டின், கொரோனா வைரஸை 48 மணி நேரத்தில் 5,000 மடங்கு குறைத்ததாக 2020-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். என் கொட்டிலில் தீனி எடுக்காமல் காது சிவந்து கிடந்த இரண்டு தாய்ப்பன்றிகள் அந்த ஊசிக்குப் பிறகு எழுந்து தொட்டிக்கு வந்தன.

மேலூர் கால்நடை மருத்துவர்:
நேற்று எழுதியவன் நான்தான். இன்றும் அதையே எழுதுகிறேன். அந்த ஆய்வு குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில், 5 மைக்ரோமோலார் அளவில் நடந்தது. அதாவது மில்லிலிட்டருக்குச் சுமார் 4,400 நானோகிராம். பன்றிக்குக் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் வீதம் தோலடியில் போட்டால் இரத்தத்தில் ஏறுவது சில பத்து நானோகிராம் மட்டுமே. இந்த இடைவெளிக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

அலங்காநல்லூர் மாணவர்:
ஐயா, எந்த வைரஸைப் பற்றிப் பேசுகிறோம்? ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலா, தடுப்பூசி உள்ள பழைய பன்றிக் காய்ச்சலா? ஆப்பிரிக்கக் காய்ச்சல் வைரஸை பாக்டீரியாவைக் கொல்லும் ஃப்ளூரோகுயினோலோன் மருந்துகள் ஆய்வுக்கூடத்தில் தடுத்ததாக 2013-இல் ஒரு கட்டுரை வந்ததே.

திருமங்கலம் பண்ணையாளர்:
தம்பி, எந்த வைரஸாக இருந்தால் என்ன, பன்றி பிழைத்ததா இல்லையா? மருத்துவர் இரத்தத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறார்; ஐவர்மெக்டின் கொழுப்பிலும் நுரையீரலிலும் கூடுதலாகத் தங்கும் என்பது அவருக்குத் தெரியாதா?

மேலூர் கால்நடை மருத்துவர்:
தெரியும். சில மடங்கு கூடினாலும் 4,400 எங்கே, அது எங்கே? எட்டும் என்று ஊசியின் அளவைப் பல மடங்கு ஏற்றினால் நரம்பு பாதித்துப் பன்றி தள்ளாடி விழும். இறைச்சியில் மருந்து எச்சம் தங்கும். ஆய்வுக்கூடத்தில் தேறிய மருந்துகளில் பெரும்பாலானவை விலங்கின் உடலில் தேறுவதில்லை என்பதைத்தான் மூன்று ஆண்டுகளாக இங்கே கத்திக்கொண்டிருக்கிறேன். மாணவர் சொன்ன மருந்துகளும் அப்படித்தான்; மேலும் அவை நுண்ணுயிர்க்கொல்லிகள், கண்டபடி போட்டால் கிருமிகள் பழகிப்போய் நாளை மனிதருக்கே வேலை செய்யாமல் போகும்.

உசிலம்பட்டி:
மருத்துவர் ஐயா, மூன்று ஆண்டுகளுக்கு முன் உங்கள் பேச்சைக் கேட்டு ஹோட்டல் கழிவை நிறுத்திவிட்டுத் தீவனம் வாங்கி நான் கடனாளி ஆனேன். அந்தக் கணக்கை யார் கேட்பது?

மேலூர் கால்நடை மருத்துவர்:
நிறுத்தச் சொல்லவில்லை; நன்றாகக் கொதிக்க வைத்துப் போடச் சொன்னேன். வைரஸ் உள்ள வேகாத பன்றி இறைச்சித் துண்டு ஒன்று கழிவில் வந்தாலும் கொட்டில் காலியாகும். அதை விடுங்கள். பண்ணையாளரே, அந்தத் தாய்ப்பன்றிகளுக்கு இரத்த மாதிரி எடுத்தீர்களா?

திருமங்கலம் பண்ணையாளர்:
எதற்கு எடுக்க வேண்டும்? ஆப்பிரிக்கக் காய்ச்சல் என்று முடிவு வந்தால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் என் பன்றி, பக்கத்து வீட்டுப் பன்றி எல்லாவற்றையும் கொன்று புதைப்பார்கள். இழப்பீட்டுக்கு அலைந்தவனைக் கேட்டுப் பாருங்கள்.

மேலூர் கால்நடை மருத்துவர்:
மாதிரியே எடுக்காதவர் வைரஸை வென்றதாக எழுதுகிறீர்கள். உண்ணிக் காய்ச்சலோ பாக்டீரியாத் தொற்றோ தானாகத் தணிந்திருக்கலாம். 4,400-க்குப் பதில் இன்னும் வரவில்லை.

திருமங்கலம் பண்ணையாளர்:
என் பன்றிகள் எழுந்து நின்றன, அதுவே பதில். நாளையும் அதே ஊசியைத்தான் போடுவேன்.

அலங்காநல்லூர் மாணவர்:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.