மூன்றாம் வகுப்பு மகளின் வீட்டுப்பாடமும் கைப்பேசியும்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (ஒரு தாய்):

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 8 வயது. வகுப்பு ஆசிரியை வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதாலும், சில பாடங்களுக்குக் காணொளி இணைப்புகளைத் தருவதாலும், மாலையில் ஒரு மணி நேரமாவது என் கைப்பேசி அவள் கையில் இருக்கிறது. பெருக்கல் கணக்கு என்று உட்காருவாள். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் காட்டும் காணொளி ஓடிக்கொண்டிருக்கும்.

அதைவிட என்னை உலுக்கியது கடந்த வாரம் நடந்தது. நான் அறைக்குள் நுழைந்ததும் கைப்பேசியைச் சட்டென்று மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். எடுத்துப் பார்த்தபோது, அவள் விளையாடும் விளையாட்டின் அரட்டைப் பகுதியில் முன்பின் தெரியாத யாரோ, "நீ எந்தப் பள்ளி?" என்று கேட்டிருந்தார்கள். அவள் பதில் எழுதவில்லை. என்னிடம் சொல்லவும் இல்லை. பதற்றத்தில் திட்டிவிட்டு, விளையாட்டையே நீக்கிவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. படிப்புக்குக் கைப்பேசி தேவைப்படும்போது அதை முற்றிலும் தடுக்கவும் முடியவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி 1 (தொடக்கப்பள்ளி ஆசிரியை):

உங்கள் மகள் பதில் எழுதவில்லை என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சரியானதைச் செய்த குழந்தைக்குத்தான் திட்டு விழுந்திருக்கிறது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்ததற்குக் காரணம் கள்ளத்தனமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சொன்னால் விளையாட்டு பறிபோய்விடும் என்ற அச்சமாக இருக்கலாம், அந்த அச்சம் உண்மையாகியும் விட்டது. இன்றே அருகில் உட்கார்ந்து, "அம்மா பயத்தில் கோபப்பட்டுவிட்டேன், நீ பதில் எழுதாமல் இருந்தது சரி" என்று சொல்லுங்கள். இனி இப்படி எது வந்தாலும் சொன்னதற்காகத் தண்டனை கிடையாது என்று வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றுங்கள். பெயர், பள்ளி, வீடு, புகைப்படம் ஆகிய நான்கையும் யார் கேட்டாலும், கேட்பவர் தன்னை ஒரு குழந்தை என்று சொல்லிக்கொண்டாலும், முதலில் உங்களிடம் வர வேண்டும் என்பது அவளுக்குப் பழக்கமாக வேண்டும். அப்படி ஏதேனும் வந்தால் உடனே அழித்துவிடாமல், திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கைத் தடைசெய்து, விளையாட்டு நிறுவனத்திடம் புகாரளியுங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, குழுவில் வந்த வீட்டுப்பாடத்தை நீங்களே படித்து, அவளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்து வைத்துவிடலாம். காணொளி பார்க்க வேண்டிய நாளில் உடன் இருந்து பாருங்கள். முடிந்ததும் மூடிவிட்டு, "இப்போது எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். பார்க்கும்போது புரிந்ததாகத் தோன்றும் பாடம் எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது அவள் வாயால் சொல்லும்போதுதான் தெரியும். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டு அவள் திகைத்து நின்றால், விடையைச் சொல்லிவிடாமல், "ஏழேழு தெரியுமா?" என்று கேளுங்கள், 49 என்பாள், அதோடு 7 சேர்த்தால் 56 என்று அவளே வந்து சேருவாள். தானே கண்ட அந்த வழி, பத்து முறை ஒப்பித்ததைவிட நன்றாக நிற்பதை வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் உட்கார வைப்பதைவிட நாள்தோறும் பத்து நிமிடம் போதும். கற்றதை இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்ப்பதே மனத்தில் தங்கும் என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, 1885இல் எழுதி வைத்துவிட்டார்.

மறுமொழி 2 (மென்பொருள் துறையில் பணிபுரியும் ஒரு தந்தை):

ஆசிரியை சொன்னதோடு அமைப்புகளையும் சரிசெய்வது அவசியம். எட்டு வயதுக் குழந்தையின் மன உறுதியை மட்டும் நம்பி இதை விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. பெருக்கல் பாடத்துக்குப் பின் பொம்மைக் காணொளி வருவதற்கு, ஒன்று முடிந்ததும் அடுத்த காணொளி தானாகத் தொடங்கும் தானியங்கி ஓட்டம் (ஆட்டோபிளே) காரணமாக இருக்கலாம். யூடியூப் அமைப்புகளில் அதை அணைத்துவிடுங்கள். அவள் தானாகப் பார்க்கும் நேரத்துக்கு யூடியூப் கிட்ஸ் செயலியில், நீங்கள் தேர்ந்தெடுத்த காணொளிகள் மட்டுமே தெரியும்படி வைக்கலாம். உங்கள் கைப்பேசியையே அவளும் பயன்படுத்துவதால், ஒரே செயலியைத் திரையில் நிறுத்தி வைக்கும் வசதி உதவும்: ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங், ஐபோனில் கைடட் ஆக்சஸ். பின் எண் இல்லாமல் வெளியேற முடியாதபடி அமைத்து, அந்த எண்ணை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டை மீண்டும் அனுமதித்தால் அரட்டையை அணைத்த பிறகே அனுமதியுங்கள். கணக்குத் தொடங்கும்போது பிறந்த ஆண்டை மாற்றிக் கொடுத்திருந்தால் அதையும் திருத்துங்கள். பல சேவைகள் 13 வயதைக் கேட்பதன் பின்னணியில் 1998இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டம் இருக்கிறது. அதற்குக் குறைந்த வயதுக் குழந்தைகளின் தகவல்களைத் திரட்டப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. வயதைக் கூட்டிச் சொன்னால், குழந்தைகளுக்கென்று வைத்திருக்கும் கட்டுப்பாடுகள் உங்கள் மகளுக்குக் கிடைக்காமல் போகும்.

மறுமொழி 3:

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பள்ளிச் சீருடையில், பள்ளியின் பெயர் தெரியும்படி எடுத்த படங்களை நாமே சமூக ஊடகங்களில் பகிர்கிறோம். அந்த அந்நியர் கேட்ட கேள்விக்கு நாம் முன்பே பதில் எழுதிவிட்டோமா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதே ஆள் முன்பும் இருமுறை கேட்டதாகவும், நான் கோபப்படுவேன் என்று தானே அவற்றை அழித்துவிட்டதாகவும் சொன்னாள். கேட்டு நெஞ்சு பதறினாலும் குரலை உயர்த்தவில்லை. கணக்கைத் திறந்து பார்த்தால் பிறந்த ஆண்டு தவறாகத்தான் இருந்தது; பதிவு செய்தது நான்தான். இருவரும் சேர்ந்து அந்த ஆளைத் தடைசெய்து புகாரும் அளித்தோம். பின் எண்ணைத் தனக்கும் சொல்ல வேண்டும் என்று கேட்கிறாள். பத்து வயதாகும்போது பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். சீருடைப் படங்கள் நான்கு இருந்தன, நீக்கிவிட்டேன்.